மூணா, எட்டா?

எட்டு இலக்கத்தில் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அதே இலக்கங்களைக் கலைத்துப் போட்டு இன்னோர் எண் செய்யுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையில் ஏதாவது ஓர் இலக்கத்தை மறைத்துக்கொண்டு, மிச்சத்தை எந்த வரிசையில் வேண்டுமானாலும் என்னிடம் சொல்லுங்கள். மறைத்தது எது என்று நான் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை, சைபரை மட்டும் மறைக்கக் கூடாது. “சைபரே ஓட்டை. ஓட்டையப் போயி எப்படி மறைப்ப?” என்று ஒரு ஜோக் அடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் யாரும் அந்த நிபந்தனை ஏன் என்று கேட்டதில்லை.

இது என் ஆஸ்தான வித்தை. கல்யாண வீட்டுப் பந்தியில் செய்திருக்கிறேன். காதுகுத்தில் செய்திருக்கிறேன். ரிஷிவந்தியத்தில் என் பெரிய மாமனார் செத்த பதினாறாம் நாள் காரியத்தில், அய்யர் வரத் தாமதமானபோது, அழுதுகொண்டிருந்தவர்களிடமும் செய்தேன். அன்றைக்கு என் மனைவி பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் முதுகு கூசுகிறது. ஆனால் செய்தேன். நாலு பேர் வட்டமாக நின்றால் என் வாய் சும்மா இருக்காது. ஐம்பதை நெருங்கியும் அடங்காத வாய்.

நான் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீடு கள்ளக்குறிச்சியில். காலையில் ஏறுகிற பேருந்து, சாயங்காலம் இறங்குகிற பேருந்து. வெள்ளிமலையிலிருந்து வரும் அந்தச் சாயங்கால வண்டியில் ஆசிரியர்கள், நர்சம்மா, கீழே கச்சிராயபாளையம் வரைக்கும் போகிற மலைக்காரர்கள், கூடவே இரண்டொரு கோழிகள். கரியாலூரைத் தாண்டினால் செல்போனில் டவர் போய்விடும். எல்லோரும் தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அதுதான் எனக்கு மேடை.

இந்தக் கதையின் சனியன் பிடித்த நாளில் எண்ணை நினைத்தவர் கண்டக்டர். என்னைவிட நாலு வயது மூத்தவர். என்னை ஒரு நாளாவது மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. 73025418 என்று எழுதிக்கொண்டார். கலைத்து 58012437 ஆக்கினார். கழித்தார். டிக்கெட் பையால் செல்போனை மறைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார்: ஒன்று, ஐந்து, சைபர், ஒன்று, இரண்டு, ஒன்பது, ஒன்று.

நான் கண்ணை மூடினேன். நெற்றியைத் தேய்த்தேன். இதெல்லாம் தேவையே இல்லை, சும்மா சினிமா. உள்ளே நடந்தது சின்னக் கூட்டல், அவ்வளவுதான். மொத்தம் பத்தொன்பது. அடுத்த ஒன்பதின் மடங்கு இருபத்தேழு. குறைவது எட்டு.

“எட்டு” என்றேன், ஏதோ மலைமேலிருந்து அசரீரி இறங்கியதுபோல.

கண்டக்டர் செல்போனைப் பார்த்தார். 15012981. என்னைப் பார்த்தார். “இந்த ஆளு எம் மண்டைக்குள்ள பூந்து பாத்துட்டு வராம்ப்பா” என்று வண்டிக்கே அறிவித்தார்.

நான் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம். எந்தப் பெரிய எண்ணையும் எடுத்து அதன் இலக்கங்களைக் கூட்டினால், ஒன்பதால் வகுக்கும்போது எண்ணுக்கும் கூட்டலுக்கும் ஒரே மீதிதான் வரும். நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். ஆயிரம் என்பது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். ஒன்பதுகளைக் கழித்துவிட்டால் நிற்பது இலக்கங்கள் மட்டும். இலக்கங்களைக் கலைத்தால் கூட்டல் மாறாது, மீதியும் மாறாது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மீதியும் கழிந்துபோய், விடை எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் நிற்கும். அவர் என்ன எண்ணை நினைத்திருந்தாலும் சரி. அவருடைய மண்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொல்ல ஒரு கொண்டை ஊசி வளைவுகூடத் திரும்ப வேண்டாம். சொன்னால் அசரீரி போய்விடுமே என்று சொல்லவில்லை.

சைபர் நிபந்தனைக்கும் காரணம் அதுதான். மிச்சத்தின் கூட்டல் ஏற்கெனவே ஒன்பதின் மடங்காக இருந்தால், மறைந்தது சைபராகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் என் வித்தைக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே ஜோக்கைப் போட்டு அந்தக் குழியை மூடி வைத்திருந்தேன்.

மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. வயிறு மேடிட்டிருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காகக் கச்சிராயபாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் ஊர் கரியாலூருக்கும் உள்ளே ஒரு குக்கிராமம். தான் இறங்கும்வரை அவள் கண் என்னை விட்டு நகரவில்லை. பயல் அசத்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன், என்னைத்தான்.

அடுத்த வாரம் அவள் அதே வண்டியில் ஏறினாள். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று, தோசைக்கல் அளவில். நேராக என் சீட்டுக்கு வந்து துண்டைப் பிரித்தாள். நீல பிளாஸ்டிக் டிரம்மின் மூடி. மலை வீடுகளில் சாமை, நெல் எல்லாம் இந்த டிரம்மில்தான் இருக்கும். எலி தள்ளிவிடாமல் இருக்க மூடியின்மேல் ஒரு கல்லை வைப்பார்கள்.

“சார், மறைச்ச நம்பர சொல்றீங்களே” என்றாள். “அழிஞ்ச நம்பரயும் சொல்லுவீங்களா?”

மூடியின் மேல் கறுப்பு மார்க்கரில் ஒரு செல்போன் எண். அவள் புருஷன் சிக்மகளூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தான். கூட்டிப்போன மேஸ்திரி புறப்படும் அவசரத்தில், காகிதம் எதுவும் அகப்படாமல், “இதுக்குப் போட்டா உங்க வூட்டுக்காரர்கிட்ட பேசலாம்மா” என்று மூடியிலேயே எழுதிவிட்டுப் போய்விட்டார். புருஷனிடம் போன் இல்லை, அவளிடமும் இல்லை. அவர்கள் ஊரில் டவரும் இல்லை. பேச வேண்டுமென்றால் கரியாலூர் டீக்கடைக்கு வந்து கடைக்காரரின் போனில்தான் பேச வேண்டும். புருஷன் போனபோது பிள்ளை உண்டாகியிருப்பது இரண்டு பேருக்குமே தெரியாது. இப்போது ஏழாம் மாதம். அவனுக்குச் சொல்ல வேண்டும், பிரசவத்துக்கு அவன் வந்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பத்து இலக்கத்தில் ஒன்பது பளிச்சென்று இருந்தன. ஏழாவது இலக்கத்தின் இடது பாதியைக் கல் தேய்த்துவிட்டிருந்தது. மிச்சம் நின்ற வலது பாதி மூன்றாகவும் இருக்கலாம். இடது பக்கம் போன எட்டாகவும் இருக்கலாம்.

“மூணா, எட்டா? நீங்க சொல்லிட்டா போதும் சார்.”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். நர்சம்மா எட்டிப் பார்த்தார். ஒரு கோழிகூடக் கழுத்தை நீட்டிப் பார்த்ததாக ஞாபகம். அது என் பயத்தின் கைங்கர்யமாகவும் இருக்கலாம்.

மார்கழிக் குளிரில் எனக்கு அக்குள் நனைந்தது. காது இரண்டும் தோசைக்கல்லாகச் சுட்டன. இந்த எண்ணை யாரும் கலைத்துக் கழிக்கவில்லையே, இது சிம் கார்டு கடையில் கொடுத்த எண்ணாச்சே, ஒன்பதால் வகுபட வேண்டும் என்று அதற்கு என்ன கட்டாயம் என்று உள்ளே ஒருவன் கத்துகிறான். அவன் பி.எஸ்சி. கணிதம் படித்தவன். ஆனால் வெளியே உட்கார்ந்திருந்தவன் கண்ணை மூடி நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். பழக்கம். தெரிந்த ஒன்பது இலக்கங்களையும் கூட்டினேன். நாற்பத்திரண்டு. மூன்று போட்டால் நாற்பத்தைந்து, ஒன்பதின் மடங்கு. எட்டு போட்டால் ஐம்பது, எதற்கும் ஆகாத ஐம்பது.

“மூணு” என்றது என் வாய்.

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பரிசோதனை முடிவு கைக்கு வந்தவர்களின் முகத்தில் வருகிற தெளிவு. மூடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, “நானும் மூணுதான்னு நெனச்சேன் சார்” என்றாள். கண்டக்டர் என் தோளில் தட்டினார். கோமுகி அணை வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அணையில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் தெரியாது.

என் மைத்துனர் ஒருவர் இருக்கிறார். பைக் வாங்கினாலும் சிம் வாங்கினாலும் கூட்டு எண் ஒன்பது வர வேண்டும் என்று அலைவார். அவரைக் குடும்பமே சிரிக்கும்படி நான் ஓட்டாத நாளில்லை. உளுந்தூர்பேட்டையில் அவர் வாங்கிய வண்டிக்கு ஒன்பது வந்தும் மூன்றாம் மாதமே பின்பக்கத்தில் லாரி இடித்ததை, பொங்கலுக்குப் பொங்கல் புதிதாக நடித்துக் காட்டுவேன். அவர் செய்ததைத்தான் அன்றைக்குப் பேருந்தில் நானும் செய்தேன். அவராவது தன் வண்டிக்குச் செய்தார்.

சரி, இரண்டில் ஒன்றைச் சொன்னோம், பாதிக்குப் பாதி சரியாக இருக்க வாய்ப்பு உண்டு, தப்பாகப் போனால் இன்னொன்றைப் போட்டுப் பார்த்துக்கொள்வாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நிகழ்தகவுப் பாடம் நடத்துபவனுக்குத் தேற்றிக்கொள்ளவா வழி இருக்காது.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் அவளை மறுபடியும் வண்டியில் பார்த்தேன். வயிறு நன்றாகப் பெரிதாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். மடியிலிருந்த மஞ்சள் பையை நீட்டினாள். சாமை அரிசி. வேண்டாம் என்றேன். “எங்க கொல்லையில வெளஞ்சது சார், வாங்கிக்கோங்க” என்று என் பக்கத்தில் வைத்துவிட்டாள். கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது, பேசினாயாம்மா என்று. அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

“நீங்க சொன்ன நம்பரு இன்னும் ஆஃப்லயேதான் சார் கீது. தோட்டத்துல கரெண்ட் இருக்காது போல. நான் வாரா வாரம் வந்து போட்டுக்கினுதான் இருக்கேன். எப்ப ஆன் பண்ணாலும் கெடச்சிரும்.”

எட்டைப் போட்டுப் பார்த்தாயா என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால், நான் சொன்னதில் எனக்கே சந்தேகம் என்று தெரிந்துவிடும். நர்சம்மா வேறு பக்கத்தில் இருந்தார். “கெடைக்கும், கெடைக்கும்” என்றேன். அருள்வாக்கு.

வீட்டுக்கு வந்து பையை அடுக்களை மேடையில் வைத்தேன். ஏது என்று மனைவி கேட்டாள். நான் நடந்ததை ஒரு வேடிக்கைக் கதையாகவே எடுத்துவிட்டேன். டிரம் மூடி, கோழியின் கழுத்து, என் அக்குள் வேர்வை, மைத்துனரின் ஒன்பது எல்லாம் வைத்து நன்றாகவே சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்தில் அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது இடத்திலும் சிரிக்கவில்லை. நான் குரலை ஏற்றினேன். அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, எட்டு போட்டா யாரு எடுக்கறாங்க?”

“தெரியல.”

“அந்தப் பொண்ணு போட்டுப் பாத்துச்சா?”

“கேக்கல.”

“அப்ப இன்னாதாங்க கேட்டீங்க?”

நான் எதுவும் கேட்கவில்லை. வகுப்பில் எந்தக் கணக்கு போட்டாலும் முதல் வரி ‘கொடுக்கப்பட்டவை’ என்று இருக்க வேண்டும் என்று ஆணையிடுபவன் நான். அந்த வரி இல்லாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் ஒரு மதிப்பெண் போகும். இத்தனை வருஷத்தில் அப்படி எத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பிடுங்கியிருப்பேன்.

“நம்பரு ஞாபகம் இருக்குதா?” என்றாள்.

இருந்தது. அன்றிலிருந்து அது என் தலையை விட்டுப் போகவே இல்லை. நான் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள். மூன்று, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எட்டு, இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஓர் ஆண் குரல். கன்னடம்.

என் மனைவி பத்து வயதுவரை பெங்களூரில் வளர்ந்தவள். மாமனார் அங்கே கட்டட வேலை பார்த்தவர். கன்னடத்தில் சண்டையே போடுவாள். அவள் கேட்கிறாள், அந்த ஆள் பேசுகிறார். நான் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தையும் புரியாமல் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவள் நெற்றி சுருங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வைத்துவிட்டுச் சொன்னாள். பேசியவர் தோட்டத்துச் சமையல்காரர். மேஸ்திரி தங்கியிருப்பது அவர் வீட்டில்தான். ஆள் எடுக்கப் போன ஊர்களிலெல்லாம் மேஸ்திரி கொடுத்துவிட்டு வந்தது சமையல்காரருடைய எண்ணைத்தான். தமிழில் ஒரு பெண் முன்பு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். அவர் பேசியது அவளுக்குப் புரியவில்லை, அவள் பேசியது அவருக்குப் புரியவில்லை. ஆளைக் கூப்பிடுகிறேன், இரு என்று அவர் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் பேசட்டும் என்று பக்கத்திலேயே ஒரு தமிழ் ஆளைச் சொல்லி வைத்திருந்தாராம்.

“அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு போடவேயில்லியாம். டிசம்பர்லேர்ந்து.”

டிசம்பரிலிருந்து. என் மனைவி சாமை அரிசியை எடுத்து உள்ளே வைத்தாள். அதில் அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மாதம் முழுக்க எதுவும் சமைக்கவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணின் புருஷன் தோட்டத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டுப் பேசினான். பிள்ளை வரப்போகிறது என்று அவனுக்கு முதலில் சொன்னது, முன்பின் தெரியாத கள்ளக்குறிச்சி வீட்டுப் பெண்ணொருத்தி. எத்தனை மாதம் என்று கேட்டானாம். இவள் சொன்னதும், உடனே புறப்படுகிறேன் என்றானாம். அவளுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே. எட்டுதான் சரியான எண், உன் புருஷன் வருகிறான் என்று கரியாலூர் டீக்கடையில் சொல்லச் சொல்லிக் கண்டக்டரிடம் சொன்னேன். அவர் அதை அப்படியே சொன்னால் கண்டக்டரா? “வாத்தியாரு வூட்டுலர்ந்தே தோட்டத்துக்குப் போனப் போட்டு ஆளப் புடிச்சிட்டாரு” என்று மலை முழுக்கத் தமுக்கடித்துவிட்டார். மூன்று எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பெயர் போன மாதத்தைவிட உயரத்தில் பறந்தது.

அவன் சிக்மகளூரிலிருந்து பெங்களூர், சேலம் என்று பேருந்து மாறி மாறி வந்தான். பிள்ளை அவனுக்காகக் காத்திருக்கவில்லை. நாள் இருக்கும்போதே வலி வந்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அக்கா துணையோடு பெற்றெடுத்தாள். பெண் குழந்தை. அவன் வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த நாள். நர்சம்மா இதையெல்லாம் சொல்லும்போது, ராத்திரியெல்லாம் அவள் அவனையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். டிசம்பர் விஷயம் அவருக்குத் தெரியாது. தகவல்தான் சொன்னார்.

நான் சாயங்கால வண்டியில் போவதை விட்டேன். ஸ்கூட்டரில் மலையேறினேன். இடுப்புப் பிடிப்பு உள்ளவன், குரங்குக் குல்லாயும் மப்ளருமாக, பனியில் கொண்டை ஊசி வளைவுகளில் உருட்டிக்கொண்டு போனேன். பெட்ரோல் மிச்சமா சார் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். இயற்கையை ரசிக்கிறேன் என்றேன். கரியாலூர் டீக்கடையைத் தாண்டும்போது மட்டும் இயற்கையை ரசிக்காமல் ஆக்ஸிலேட்டரைத் திருகுவேன். ஒருநாள் கடைவாசலில் பச்சைப் புடவையில் ஒரு பெண் நின்றதைப் பார்த்து, அவள்தான் என்று மிரண்டு, வாய்க்கால் பக்கம் வண்டியை இறக்கிவிட்டேன். அது யாரோ. தூக்கிவிட வந்தவர்களில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, “நம்பரு சாரு” என்று மரியாதையாக என் குல்லாயிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

ஸ்கூட்டருக்கும் என்மேல் வெறுத்துப்போய்விட்டது. பங்குனி வெயில் ஆரம்பித்த ஒருநாள் மேலேயே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் சாயங்கால வண்டியில் ஏறினேன்.

கரியாலூரில் அவர்கள் ஏறினார்கள். மறுநாள் தடுப்பூசி. அவள் கையில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய குழந்தை. பின்னாலேயே ஒல்லியாக, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, அவள் புருஷன். “இவருதான்” என்று அவள் காட்டினாள். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். என் கையை எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை.

“எனக்கும் ஒரு தபா செஞ்சு காட்டுங்க சார்” என்றான். “இவ சொல்லிக்கினே இருக்கா.”

கண்டக்டர் ஏற்கெனவே தன் செல்போனை அவனிடம் நீட்டிவிட்டார். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வழக்கமான முன்னுரை வரவில்லை. ஓட்டை ஜோக்கும் வரவில்லை. கலை, கழி, ஒன்றை மறை, மிச்சத்தைச் சொல் என்றேன். நிபந்தனையை விட்டுவிட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவன் பொறுமையாக அழுத்தினான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான்: நான்கு, எட்டு, ஐந்து, ஒன்று, எட்டு, ஐந்து, ஐந்து.

முப்பத்தாறு.

ஏற்கெனவே ஒன்பதின் மடங்கு. சைபரா, ஒன்பதா. என் வித்தையின் ஒரே குழி, அதன் விளிம்பில் வந்து நிற்கிறேன். உள்ளே படித்தவன் விழித்துக்கொண்டான். வெளியே இருப்பவனோ கண்ணை மூடி நெற்றியைத் தேய்க்கக் கையைத் தூக்கிவிட்டான். ஒன்பது என்று சொல்லிவிடு என்றது வாய், பாதிக்குப் பாதி வாய்ப்பு. தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் பிடரியைச் சொறிந்துகொண்டேன்.

“தெரியல” என்றேன்.

அவன் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. கண்டக்டர், “அட, பில்டப்பு குடுக்காத வாத்தியாரே, சொல்லு” என்றார்.

“நெஜமாவே தெரியல. சைபரா இருக்கும், இல்லன்னா ஒன்பதா இருக்கும். ரெண்டுல எதுன்னு சொல்ல எனக்கு வழியில்ல.”

கண்டக்டர் எட்டி செல்போனைப் பார்த்தார். 48518505. மறைத்தது சைபர். இவ்வளவு காலம் காத்திருந்தவர், சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அவருடைய முகம் விழுந்துபோனது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். கலைத்தால் கூட்டல் மாறாது. கழித்தால் எப்போதும் ஒன்பதின் மடங்கு. யாருடைய மண்டைக்குள்ளும் நான் புகவில்லை, வெறும் கூட்டல். ஒரு வளைவு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. “இவ்ளோதானா?” என்றார் கண்டக்டர். இவ்வளவுதான் என்றேன். “இதுக்கா இத்தினி வருசமா நெத்தியத் தேச்ச?” என்று அவர் கேட்டதும் வண்டி சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்த மூடில இருந்த நம்பரு யாரும் கழிச்சி எடுத்த நம்பரு இல்லியே சார்?”

“இல்ல.”

“அதுக்கு இந்தக் கணக்கு செல்லாது.”

“செல்லாது.”

“அப்ப மூணுன்னு ஏன் சார் சொன்னீங்க?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்கு என்னிடம் ஒரு ஜோக் இருந்ததா என்று உள்ளே தேடிப்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கங்கெட்ட பழக்கம். ஒன்றும் இல்லை. “எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க” என்றேன். அதுதான் உண்மை. சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னது என்று என் காதுக்கே கேட்டது.

அவள் புருஷன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஏறியதும் என் கையைப் பிடித்தவன், இப்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“தெரியலன்னு சொல்லியிருந்தீங்கன்னா” என்றாள் அவள், நிதானமாக, தனக்கே கணக்குப் போட்டுக்கொள்வது போல, “நான் ரெண்டுத்தையும் போட்டுக்கினே இருந்திருப்பேன் சார்.”

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, காற்று படாமல் குழந்தையின் தலையைத் துணியால் மூடினாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் தலையைக் குனிந்து நின்றிருக்கலாம், மன்னித்துவிட்டேன் என்றிருந்தால் கும்பிட்டிருக்கலாம். அவளோ வேறு வேலை இருப்பவள்போல் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு வேலை இருக்கத்தான் செய்தது.

கோமுகி அணை வந்தது. இந்த முறை பார்த்தேன், தண்ணீர் பாதிக்கும் கீழே இருந்தது. கச்சிராயபாளையத்தில் அவர்கள் இறங்கினார்கள். அவன் மட்டும் படியிலிருந்து திரும்பி, வருகிறேன் சார் என்றான். அவள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

வண்டி கிளம்பியது. கண்டக்டர் பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைத் தேற்ற நினைத்தாரோ, நோண்ட நினைத்தாரோ, முன்னால் லாரிகள் வரிசையாக நிற்பதைக் காட்டிக் கேட்டார்:

“இதச் சொல்லு வாத்தியாரே. இன்னிக்கி எத்தினி மணிக்குக் கள்ளக்குறிச்சி போயிச் சேருவோம்?”

“தெரியல” என்றேன்.

இரண்டாவது தடவை சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதை நினைத்துத்தான் அன்றைக்கு வீடு வரைக்கும் வெட்கமாக இருந்தது.